பாறைக் காந்தமும் வெப்ப மண்டலத்து மழையும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று விரிந்து கிடக்கும் சமபூமியை மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு, அதில் பூகர்ப்ப விசேஷம் ஏதும் இருப்பதாகத் தோன்றாது. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை; ஏரிகளும், ஏரிகளைத் தூர்த்து எழுந்த வீடுகளுமே கண்ணில் படும். ஆயினும் அஸ்திவாரம் தோண்டும் இடத்திலோ, போர் போடும் இடத்திலோ சற்று நின்று கவனிப்பவருக்கு, மேட்டுப்பாங்கில் செஞ்சரளையும், தாழ்ந்த இடத்தில் சாம்பல் நிறக் களிமண்ணும், பல இடங்களில் அவற்றின் கீழே ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளைச் சேர்ந்த மெத்தென்ற களிப்பாறையும், எல்லாவற்றுக்கும் அடியில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தலை நீட்டி நிற்கும் அதே கருங்கல்லும் ஒன்றன்பின் ஒன்றாகப் புலப்படும். செங்குன்றத்துச் செம்மேடுகளும் இந்த வரிசையைச் சேர்ந்தவையே.

இந்தச் செஞ்சரளையைப் பொடித்துக் காயவைத்து, காகிதத்தில் சுற்றிய காந்தம் ஒன்றை அதன்மேல் இழுத்தால், கருமையான சில மணிகள் ஒட்டிக்கொண்டு வரும். சரளைக்குச் செந்நிறத்தைத் தரும் தூளோ பெரும்பாலும் ஒட்டாமல் நின்றுவிடும். இரண்டும் இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள்களே. முன்னது பாறையிடமிருந்து பரம்பரைச் சொத்தாக வந்த மாக்னடைட். பின்னது மழையும் வெயிலும் கூடி ஆக்கிய ஹேமடைட்டும் கோதைட்டும். வெப்ப மண்டலத்துப் பாறைச் சிதைவு காந்தத்தை அழிக்கிறதா, ஆக்குகிறதா என்று விஞ்ஞானிகள் நெடுங்காலமாக எழுப்பிவந்துள்ள வினாவின் இரு பக்கங்களும் இந்தச் சிறு சோதனையிலேயே அடங்கியிருக்கின்றன. இவ்வினாவுக்குப் பலரும் மழையின் அளவைக் கொண்டே விடை தேடியிருக்கின்றனர்; ஆயினும் இதுவரை கிடைத்துள்ள ஆராய்ச்சிகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, அழிவும் ஆக்கமும் ஒரே காலத்தில், ஆனால் வெவ்வேறு பருமனுள்ள மணிகளில், நடைபெறுகின்றன என்பதும், எது விஞ்சும் என்பதை நிச்சயிப்பது மழை எவ்வளவு பெய்கிறது என்பதைவிட இரு மழைகளுக்கு இடையே மண் உலர்கிறதா என்பதே என்பதும் என் கருத்து.

இதை நம் ஊர்ச் சரளையை வைத்துக்கொண்டே ஸ்தாபிக்கப் புகுந்தால் ஒரு சங்கடம் உண்டு. இங்குள்ள சரளை, அடிப்பாறை நின்ற இடத்திலேயே சிதைந்து உண்டானதன்று. நீர் அடித்துக்கொண்டுவந்த கூழாங்கற்களும் மணலும் இரும்புத் துருவால் பிணைந்து இறுகியது. பல பாறைகளின் கலப்பாகிய அதற்குத் தாய் இன்னதென்று சுட்ட இயலாது. அடியிலுள்ள கருங்கல்லாகிய சார்னோகைட்டோ, பூமியின் ஆழத்தில் பெரும் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் உருவானதேயன்றி, எரிமலைக் குழம்பு அன்று. (கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறையே என்று கண்டு, 1893-ல் தாமஸ் ஹாலந்து அப்பாறைக்கு அவர் பெயரை இட்டார், ஒரு கம்பெனி வியாபாரி உலகத்துப் பாறைப் பட்டியலில் நிரந்தரமாக இடம் பெற்றது இவ்வாறுதான்.) தொடக்கம் தெளிவாகத் தெரிந்தால்தான் மாற்றத்தை அளக்க முடியும். அத்தகைய தெளிவான தொடக்கம் உடையது பசால்ட் என்னும் எரிமலைப் பாறை. குழம்பு வெளிவந்து ஆறிய காலம் அறியக்கூடியது. ஒரே ஓட்டத்துக்குள் அதன் அமைப்பு பெரும்பாலும் ஒரே சீரானது. கடப்பைப் படுகையில் ஏறக்குறைய 190 கோடி ஆண்டுப் பழைமையுள்ள எரிமலைப் பாறைகள் உண்டு. கோதாவரிக் கரையில் ராஜமகேந்திரபுரத்தருகே தக்காணப் பாறையின் ஒரு துண்டு தனித்துக் கிடக்கிறது. எனினும் நம் தேசத்தில் இவ்விஷயத்தின் மெய்யான களம் மகாராஷ்டிரத்தை மையமாகக் கொண்டு ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் தக்காணப் பசால்ட்டே ஆகும். அதன் வயது சுமார் 6 கோடி 60 லட்சம் ஆண்டு.

குழம்பு 1,100 பாகையை ஒட்டிய உஷ்ணத்தில் வெளிவருகையில் அதில் காந்தம் கிடையாது. அது ஆறி இறுகும்போது, இரும்போடு டைட்டானியமும் கலந்த டைட்டனோமாக்னடைட் என்னும் தாது சிறு படிகங்களாகப் பிரிகிறது. தூய மாக்னடைட் 580 பாகைக்குக் கீழே வந்தவுடன் காந்தத் தன்மை பெறும். டைட்டானியம் கூடக்கூட இந்த எல்லை இறங்கி, பசால்ட்டில் இயல்பாகக் காணப்படும் கலவையில் 150 முதல் 200 பாகை வரை வந்துவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டும் சமயத்தில் பூமியின் காந்தப் புலம் எத்திசையை நோக்கி நின்றதோ, அத்திசை படிகங்களில் பதிந்து உறைந்துவிடுகிறது.

இந்தப் பதிவை நம்பித்தான் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் பிளாக்கெட்டின் குழுவினர் தக்காணப் பாறைகளை ஆராய்ந்தனர். கிளெக், டாயிச், கிரிஃபித்ஸ் ஆகிய மூவரும் 1956-ல் வெளியிட்ட முடிவு, அந்தக் குழம்பு பரவிய காலத்தில் இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது என்பதாகும். பிற்கால அளவைகளின்படி அது ஏறக்குறைய 30 பாகை தெற்கு. ஆகவே பம்பாய் நின்ற நிலம் 5,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே நகர்ந்து வந்திருக்கிறது. கண்டங்கள் நகரும் என்ற கொள்கையைப் பெரும்பாலான பூகர்ப்ப சாஸ்திரிகள் பரிகசித்துக்கொண்டிருந்த நாளில், கண்ணுக்குப் புலப்படாத கருமணிகளின் சாட்சியம் இத்தனை பெரிய வழக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. சாட்சியின் யோக்கியதையைப் பரிசோதிக்க வேண்டிய அவசியமும் அப்போதே எழுந்தது; சிதைந்த பாறையிலிருந்து பெற்ற திசை, குழம்பு ஆறிய நாளைக் குறிக்குமா, சிதைந்த நாளைக் குறிக்குமா என்பதே அந்தப் பரிசோதனை. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சி. ராதாகிருஷ்ணமூர்த்தியும் அவருடைய சகாக்களும் பல்லாண்டுகள் தக்காணக் கற்களின் காந்தத் தாதுக்களை அடுத்தடுத்துச் சோதித்து வந்தனர். திசையை அளப்பதோடு நின்றுவிடாமல், அத்திசையைச் சுமக்கும் மணி எத்தகையது, எவ்வளவு பெரியது, எவ்வளவு பிராணவாயுவை ஏற்றது என்று கேட்டதே அவர்களுடைய பணியின் சிறப்பு. திசைகளுக்குக் கிடைத்த விளம்பரம் இந்த மணிகளுக்குக் கிடைக்கவில்லை.

மணியைப் பற்றிய இந்தக் கேள்வி மிக முக்கியமானது. ஏனெனில் சிதைவின் கையில் அகப்படுமுன்பே தாது இரண்டு மாற்றங்களுக்கு உள்ளாகிவிடக்கூடும். குழம்பு ஆறிக்கொண்டிருக்கும்போதே, 600 பாகைக்கு மேற்பட்ட நிலையில் பிராணவாயு கிடைத்தால், டைட்டனோமாக்னடைட் பிளவுபட்டு, டைட்டானியம் செறிந்த இல்மனைட் மெல்லிய தகடுகளாகவும், அவற்றின் நடுவே ஏறக்குறையத் தூய மாக்னடைட்டும் அமையும். இத்தகைய கல் பின்னால் எவ்வளவு நனைந்தாலும் தன் பழைய திசையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அவ்வாறு பிரியாத தாதுவோ, ஆறிய பிறகு நிலத்தடி நீரோடு சேர்ந்து, சாதாரண உஷ்ணத்திலேயே மெல்ல மெல்ல மாறுகிறது: இரும்பணுக்கள் சில படிகத்தை விட்டு வெளியேற, மிஞ்சியவை மேலும் பிராணவாயுவை ஏற்று, டைட்டனோமாக்கெமைட் என்ற வடிவை அடைகின்றன. இடம் காலியானதால் படிகத்தின் விளிம்பு சுருங்கி, கோடையில் வற்றிய ஏரியின் அடிமண் போல வெடித்துக் காணும். நுண்ணோக்கியில் இந்த வெடிப்புகளைப் பார்த்தவுடனே, கல் குளிர்ந்த நிலையில் மாறியது என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். ஒரே ஓட்டத்தின் மேற்புறமும் நடுப்பகுதியும் இவ்வாறு வெவ்வேறு சரித்திரம் உடையனவாதலால், ஒரே மழையில் நனைந்தாலும் அவை ஒரே விதமாகச் சிதைவதில்லை. இதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட கட்டுரைகளில் முரண்பாடுகள் மலிந்திருப்பதில் வியப்பில்லை.

இனிச் சிதைவுக்கு வருவோம். பசால்ட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே இரும்பின் ஆக்ஸைடு உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி காந்தத் தாதுவில் இல்லை. ஆலிவின், பைராக்ஸீன் முதலிய சிலிகேட்டுகளில் சிறைப்பட்டிருக்கிறது. வெப்ப மண்டலத்து நீர், மண்ணிலுள்ள கரியமில வாயுவையும் வேர்களின் அமிலங்களையும் சுமந்துகொண்டு இறங்குகையில், முதலில் பலியாவது ஆலிவின். அதன் விளிம்பு செந்துருவாக மாறும். அடுத்துப் பாறைக் கண்ணாடியும் பைராக்ஸீனும், அவற்றோடு சுண்ணமும் சோடியமும் இழந்து களிமண்ணாகும் ஃபெல்ட்ஸ்பாரும் போகின்றன. சிலிகாவும் மெக்னீசியமும் கால்சியமும் நீரோடு சென்றுவிட, பாறை தன் உருவத்தைக் காத்துக்கொண்டே எடையில் பெரும்பகுதியை இழக்கிறது. இவ்வளவு அமளிக்கு நடுவிலும் கருமணிகள் முதற்கட்டத்தில் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கின்றன. அதன் விளைவாக, ஒரு கிராம் மக்கிய பாறையின் காந்த ஏற்புத்திறன், அதாவது புறக் காந்தப் புலத்துக்கு இணங்கிக் காந்தமாகும் அளவு, ஒரு கிராம் புதிய பாறையினுடையதைவிட அதிகமாகத் தோன்றும். புதிதாக ஒரு மணியும் பிறக்காமலே காந்தம் பெருகியதுபோல் காட்டும் இது வெறும் கணக்கு மாயமே. டைட்டானியம், ஜிர்க்கோனியம் போன்ற அசையாத மூலகங்களோடு ஒப்பிட்டு வகுத்துப் பார்த்தாலன்றி இந்த மாயம் விலகாது. அவ்வாறு வகுக்காமல் சிதைவு காந்தத்தைப் பெருக்கும் என்று தீர்ப்பளித்தவர்களின் கூற்றை ஒதுக்கிவைப்பதே நலம்.

இரண்டாம் கட்டத்தில் கருமணிகளுக்கும் அழிவு நேர்கிறது. வெடிப்புகள் வழியே நீர் நுழைந்து மாக்கெமைட்டை ஹேமடைட்டாக்கும். அல்லது இரும்பைக் கரைத்து எடுத்துச் செல்லும். இல்மனைட் தகடுகள் சற்று அதிக நாள் நிற்கும். இறுதியில் அவையும் இரும்பை இழந்து, எஞ்சிய டைட்டானியம் அனடேஸ் என்னும் வெளிர்நிறத் தூளாகக் குவிகிறது. நம் தெற்குக் கடற்கரைக் கருமணலிலும் இந்த ரசாயனம் சாதாரணமாகக் காணப்படுவதே. தூய இல்மனைட்டில் டைட்டானியம் ஆக்ஸைடு 53 சதவிகிதத்துக்கும் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். கேரளத்துச் சவரா மணலில் பிரித்தெடுக்கும் இல்மனைட்டிலோ அது 60 சதவிகிதத்தை எட்டுகிறது. வெப்ப மண்டலத்துச் சிதைவு இரும்பைக் களவாடியதன் பயனே இந்த லாபம். அந்த மணல் எரிமலைப் பாறையிலிருந்து வந்ததன்று என்றாலும், சிதைவின் கைவேலை இரண்டிலும் ஒன்றுதான்.

அழிந்த மணிகளிலிருந்தும், அவற்றினும் அதிகமாகச் சிலிகேட்டுகளிலிருந்தும் விடுபட்ட இரும்பு எங்கே போகிறது என்பதுதான் இவ்வினாவின் இருதயம். அது முதலில் ஃபெரிஹைட்ரைட் என்னும் ஒழுங்கற்ற, நீர் மிகுந்த துருவாகப் படிகிறது. ஃபெரிஹைட்ரைட் நிலையற்றது. ஈரம் நீங்காமலும் இலைமக்கு மிகுந்தும் இருந்தால் அது மஞ்சள் நிறக் கோதைட்டாகிறது. உஷ்ணமும் உலர்ச்சியும் இடையிடையே வாய்த்தால் சிவந்த ஹேமடைட்டாகிறது. ஹேமடைட்டின் காந்தச் செறிவு மாக்னடைட்டினுடையதில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கோதைட்டினுடையது அதனினும் அற்பம். மேட்டு மண் எவ்வளவு சிவந்திருந்தாலும் காந்தத்தில் ஒட்டாததற்குக் காரணம் இதுவே. செம்மண்ணைக் கண்டவுடன் காந்த மண் என்று கொள்வது தவறு. கரிசலைக் கண்டவுடன் எரிமலை மண் என்று கொள்வதும் அதைப் போன்றதே. தக்காணத்துக் கரிசல் பசால்ட்டின் பிள்ளை என்பது மெய். ஆனால் கோவில்பட்டிச் சீமைக் கரிசலின் அடியில் பசால்ட் கிடையாது.

கோதைட், ஹேமடைட் என்ற இவ்விரு வழிகளேயன்றி மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஃபெரிஹைட்ரைட்டின் ஒரு சிறு பகுதி, மிக நுண்ணிய மாக்னடைட்டாகவோ மாக்கெமைட்டாகவோ உருக்கொள்கிறது. மாக்கெமைட் நிறத்தால் ஹேமடைட்டுக்கு உறவு; காந்தத்தாலோ மாக்னடைட்டின் வலிமையில் முக்கால் பங்குக்கு மேல் உடையது. ஆகவே எடையில் நூற்றில் ஒரு பங்கே இருந்தாலும், மண்ணின் காந்த குணத்தை அதுவே ஆட்சி செய்யும். இது எவ்வாறு பிறக்கிறது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. இரும்பைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி வாழும் பாக்டீரியாக்கள் தம் உடலுக்கு வெளியே மாக்னடைட்டை விளைவிக்கின்றன என்று 1987-ல் லவ்லியும் அவர் குழுவினரும் காட்டியதை ஆதாரமாகக் கொள்வது ஒரு கட்சி. ஃபெரிஹைட்ரைட் ஹேமடைட்டாக மாறும் பாதையிலேயே மாக்கெமைட்டை ஒத்த ஓர் இடைநிலை உண்டு என்று பரிசோதனைச் சாலையில் நிரூபித்த ஸ்பெயின் தேசத்து பரோன், டோரெண்ட் ஆகியோரைப் பின்பற்றுவது மற்றொன்று. காட்டுத் தீயே காரணம் என்பது மூன்றாவது. கோதைட்டை இலைமக்கோடு சேர்த்துச் சுட்டால் மாக்கெமைட் உண்டாவது எளிதில் காட்டக்கூடியது, ஆனால் தீயே அணுகாத ஆழத்திலும் இந்நுண்மணிகள் கிடைப்பதால் அதைப் பொது விதியாக ஏற்க முடியவில்லை. என்னளவில், ஈரமும் உலர்ச்சியும் மாறிமாறி வரும் மண்ணில் முதல் இரண்டும் கைகோத்துச் செயற்படுகின்றன என்பதே பொருத்தமாகப் படுகிறது.

இந்நுண்மணிகளின் பருமனே அவற்றுக்கு ஒரு விசித்திர குணத்தைத் தருகிறது. மில்லிமீட்டரின் லட்சத்தில் இரண்டு மூன்று பங்குக்கும் சிறிய மாக்னடைட் மணி, தான் பெற்ற காந்தத் திசையை நிலையாக வைத்துக்கொள்ள வல்லதன்று. அறை வெப்பமே அதை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். ஆதலால் அளக்கும் கருவியின் அதிர்வெண்ணை மாற்றினால், அளவும் மாறுகிறது. பாறையிலிருந்து வந்த பருமணிகளில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. நன்கு சிதைந்த மேல்மண்ணில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்படுவதுண்டு. பரம்பரைச் சொத்தையும் சுயார்ஜிதத்தையும் பிரித்தறிய இதைவிடச் சுலபமான உபாயம் இல்லை. தக்காணத்துக்கு அப்பாலும் இதற்கு நல்ல சாட்சி உண்டு: ஹவாயித் தீவுக் கூட்டத்தில் அமெரிக்கக் கடற்படை 1990 வரை குண்டுவீச்சுப் பயிற்சி நடத்திய கஹோஒலாவே தீவில், வெடிக்காத குண்டுகளைத் தேடியவர்களின் கருவிகளைப் பசால்ட் சிதைந்த மண்ணே ஏமாற்றி, இரும்பு இல்லாத இடத்தில் இரும்பு உண்டு என்று ஒலி எழுப்பச் செய்தது.

காந்தத்தையும் மழையையும் இணைத்துப் பார்க்கும் ஆசை பழையது. மேல்மண் அதன் அடிமண்ணைவிட அதிகக் காந்த ஏற்புத்திறன் உடையது என்பதை 1955-ல் பிரான்ஸ் தேசத்து லெபோர்ன் எடுத்துக்காட்டினார். சீனத்து லோயெஸ் என்னும் காற்றடி மண்ணில் ஹெல்லரும் லியூவும் 1980-களில் கண்டது இன்னும் தெளிவானது: பனி யுகங்களின் இடைவெளியில் மழையும் வெப்பமும் மிகுந்த காலத்து அடுக்குகளில் காந்தம் ஓங்கியும், வறண்ட காலத்து அடுக்குகளில் தாழ்ந்தும் இருந்தது. மழை கூடினால் நுண்மணி கூடும் என்ற சூத்திரம் இவ்வாறு பிறந்து, பூர்வகாலத்து மழையை மில்லிமீட்டர்க் கணக்கில் சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பால்சமும் அவர் சகாக்களும் பல தேசத்து மண்களைத் திரட்டி 2011-ல் எழுதிய ஆய்வு, இந்தச் சூத்திரம் மிதமான மழைக்கு மட்டுமே பொருந்தும் என்றும், அதற்கு மேற்பட்ட மழையில் உறவு குலைந்துவிடுகிறது என்றும் எச்சரித்தது. அதே ஆண்டில், தென்சீனத்து ஹைனான் தீவில் மக்கிய பாறைகளை மழை குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கம் வரை ஆராய்ந்த லாங், ஜி, பால்சம் முதலியோர், மழை அளவுக்கேற்ப ஹேமடைட்டும் கோதைட்டும் தம்முள் இடம் மாற்றிக்கொள்வதை விவரித்தனர். ஹவாயின் கொஹாலா மலைச் சரிவில் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மழை பல மடங்கு கூடுகிறது. ஒரே வயதுள்ள குழம்பின்மேல் அமைந்த அந்த மண் வரிசையில், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் என்ற அளவைத் தாண்டியதும் மண்ணின் குணம் படிப்படியாக அன்றித் திடீரென்று மாறுவதைச் சாட்விக்கும் அவர் குழுவினரும் கண்டனர். மிக நனைந்த கோடியில் பிராணவாயு பற்றாமல் இரும்பே கரைந்து போய்விடுகிறது.

இந்த முடிவுகளைப் பார்க்குமிடத்து, ஆண்டு மழை என்ற ஒரே எண்ணின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றியது பொருந்தாது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கும் ஒரு மலைச்சரிவும், ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பங்குனி சித்திரையில் நெருப்பாய்க் காயும் ஒரு சமவெளியும் ஆண்டுக் கணக்கில் ஒரே அளவு மழை பெறலாம். ஆனால் முன்னதில் ஃபெரிஹைட்ரைட் கோதைட்டை நோக்கியும், பின்னதில் மாக்கெமைட்டையும் ஹேமடைட்டையும் நோக்கியும் செல்லும். பருவக்காற்று நாடுகளில் மழைமானியோடு உலர்ந்த நாள்களின் கணக்கும் தேவை. சமசீதோஷ்ண நாட்டு மண்ணுக்கு வகுத்த சூத்திரத்தை அப்படியே நம் நிலத்தின்மேல் ஏற்றுவதை நான் ஒப்புவதில்லை.

நீர் தேங்குவது இதைவிடக் கொடியது. பிராணவாயு அற்ற சேற்றில் பாக்டீரியாக்கள் இரும்பைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. அப்போது முதலில் மறைவது நுண்மணிகள், பின்பு பருமணிகளின் விளிம்புகள். சிவந்த மண் சாம்பல் நிறமடைவது இதன் வெளிக்குறி. ஆகவே செம்பரம்பாக்கம் போன்ற ஓர் ஏரியின் உட்புறச் சேறும், அதன் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த கழனியும், சற்றே மேட்டிலுள்ள புஞ்சையும் ஒரே தாய்மண்ணிலிருந்து வந்தவையாயினும் காந்த குணத்தில் உறவினர்போல் தோன்ற மாட்டா. நம் முன்னோர் கட்டிய ஏரிகள், இந்த வகையில், பூகர்ப்ப சரித்திரத்தில் மனிதன் செய்த தலையீடுகளே. பழங்கால மழையை மண்ணிலிருந்து அளக்க விரும்புவோர் தொண்டை மண்டலத்தில் இதை மறந்தால் வீண் உழைப்பே மிஞ்சும்.

இதுகாறும் கூறியது மணிகளின் ஆக்கமும் அழிவும். அவை சுமக்கும் திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிதைவில் புதிதாகப் பிறக்கும் ஹேமடைட், குறித்த ஒரு பருமனைத் தாண்டி வளரும்போது, அந்தக் காலத்துப் பூமிக் காந்தத்தின் திசையைத் தானும் பதிந்துகொள்கிறது. வலிமை குறைந்த பதிவுதான். ஆனால் அழிப்பதற்கு மிகக் கடினமானது, 675 பாகை வரை சுட்டால்தான் போகும். குழம்பின் பிறப்புச் செய்தியைத் தேடுவோருக்கு இது இடையூறு. சிதைவின் காலத்தைத் தேடுவோருக்கு இதுவே தேடிய பொருள். பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் அங்காடிப்புரத்தில் கண்டு, 1807-ல் வெளியான தம் யாத்திரை நூலில் லாடரைட் என்று பெயரிட்ட செம்புறாங்கல்லுக்கு வயது சொல்ல யாராலும் முடியாதிருந்தது. அதில் உயிர்ப் படிவங்கள் கிடைப்பதில்லை, எரிமலைச் சாம்பலும் இல்லை. ஷ்மிட், பிரசாத், ராமம் ஆகியோர் 1983-ல் இந்தியச் செம்புறாங்கற்களின் காந்தத் திசையை அளந்து, இந்தியா வடக்கே நகர்ந்த பாதையோடு ஒப்பிட்டு, தக்காணப் பீடபூமியின் உயரமான தளங்களில் உள்ளவை எரிமலை ஓய்ந்த காலத்தை ஒட்டியே தோன்றியவை என்றும், தாழ்ந்த தளங்களில் உள்ளவை மிகப் பிற்பட்டவை என்றும் முடிவு கூறினர். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலைச் செம்புறாங்கல்லிலுள்ள மாங்கனீஸ் தாதுக்களை ஆர்கானைக் கொண்டு வயது காணும் முறையில் பரிசோதித்தபோதும், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தீவிரச் சிதைவு நிகழ்ந்தது புலனாயிற்று. மகாபலேசுவரத்திலும் பஞ்சகனியிலும் மேசைபோல் பரந்த தளங்களின் மேலுள்ள செம்போர்வையும், அகழி முதல் மதில் வரை செம்புறாங்கல்லாலேயே அமைந்த பீதர்க் கோட்டையின் பாறையும் இந்த நீண்ட சரித்திரத்தின் மிச்சங்கள்.

நம் பக்கத்துச் செஞ்சரளை இவ்வளவு பழையதன்று; ஆயினும் அதற்கு வேறு கௌரவம் உண்டு. பூகர்ப்ப சாஸ்திரி ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30-ம் நாள் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து, கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அவற்றின் இருப்பிடம் பெரும்பாலும் இந்தச் செஞ்சரளையே என்பதை அவர் உடனே உணர்ந்து எழுதினார். அவை எவ்வளவு பழையவை என்று சொல்லும் வழி அப்போது இல்லை. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் மற்றவர்களும் அத்திரம்பாக்கத்தை மீண்டும் அகழ்ந்து, 2011-ல் வெளியிட்ட ஆய்வில், கருவிகள் கிடைத்த அடி அடுக்குகளின் காந்தத் திசை இன்றைய திசைக்கு நேர் எதிராக இருப்பதைக் காட்டினர். பூமியின் காந்தம் கடைசியாகத் தலைகீழானது ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பாதலால், அடுக்குகள் அதற்கும் முந்தியவை என்பது பெறப்பட்டது. கல்லில் காஸ்மிகக் கதிர்கள் உண்டாக்கிய அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கணக்கு சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று காட்டிற்று. அந்த அகழ்வுக்குழியின் அடியில் கிடப்பது ஆவடியின் பெயரால் வழங்கும் களிப்பாறையே. தென்னிந்தியாவில் மனித குலத்தின் பழைமையை நிர்ணயிக்க, வண்டலில் படிந்தும் துருவில் பிறந்தும் நின்ற மணிகளின் திசை உதவியிருக்கிறது. அதில் எந்த மணி படிவின்போது திரும்பியது, எது பின்னால் துருவில் முளைத்தது என்று பிரித்தறியும் கலை, முன்சொன்ன பசால்ட் ஆராய்ச்சிக்கு நெருங்கிய உறவுடையதேயாகும்.

ஆகவே அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து மண்ணை இந்த நோக்கில் அளக்கத் துணிபவர் எதிர்பார்க்க வேண்டிய பொருள்கள் மூன்று: சார்னோகைட்டிலிருந்தும் பிற பாறைகளிலிருந்தும் வந்த பருமணிகள், இப்பருவக்காற்று நாட்டில் மேட்டு மண்ணில் பிறந்த நுண்மணிகள், இவற்றோடு 1960-களிலிருந்து தொழிற்பேட்டைகளும் வார்ப்புச் சாலைகளும் பெருகியதன் விளைவாக மேலே விழுந்த தூசி. மூன்றாவதே இன்று பெரும் தலைவலி. நிலக்கரி எரிந்த சாம்பலிலும் உருக்கு வேலையின் பொறியிலும் உண்டாகும் உருண்டை மாக்னடைட் மணிகள் மேல்மண்ணின் காந்தத்தைப் பல மடங்கு பெருக்கிவிடும். அதைக் கண்டு மழை மிகுந்தது என்று எவரும் அனுமானித்துவிடக் கூடாது. நல்லவேளையாக இவை பருமணிகள். அதிர்வெண் மாறினால் இவற்றின் அளவு மாறுவதில்லை. மேல்மண்ணில் ஏற்புத்திறன் மிகுந்தும் அதிர்வெண் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்குள்ளும் நின்றால், அது ஆலையின் தூசியோ பாறையின் மணியோ ஆகும். நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரிவது முன்னது, விளிம்பு கூர்மையாகவோ வெடித்தோ தெரிவது பின்னது. ஏற்புத்திறன் மிதமாக இருந்தும் வித்தியாசம் பத்தை நெருங்கினால் அது மழையும் வெயிலும் செய்த வேலை. இதற்கு மாதிரி எடுக்க வேண்டிய இடம், ஏரித் தரையும் கொட்டிய மண்ணும் நீங்கலாக, சரளை மேடுகளில் புதிதாக வெட்டிய குழிகளின் சுவரில், இன்றைய தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கீழே ஆகும். வீட்டு மனைகளாக மாறாத அத்தகைய மேடுகள் இப்பகுதியில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகின்றன.